லெஃப்ட் கார்னரில் யார் நிற்பது

மாயழகைப் பெஞ்சில் உட்கார வைத்த அன்று மத்தியானமே அவன் வீட்டுக்கும் மாற்று ஆள் போய்விட்டான். அதுதானே முறை. ஆடுகளத்தில் ஒருத்தன் இடத்துக்கு வந்தவன், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் அவன் இடத்துக்கு வந்துதான் ஆகவேண்டும். பொட்டல்பட்டியில் பச்சைப் பிள்ளைக்கும் இது தெரியும். இதற்குப் போய் யாராவது வருத்தப்படுவார்களா? மாயழகு வருத்தப்பட்டான்.

அவன் மின்னல் கபடிக் குழுவின் முதல் ரைடர். மூச்சை அடக்கி 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே எதிரணிக்குள் நுழைய வேண்டும். யாரையாவது தொட வேண்டும். பிடிபடாமல் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். சித்திரையிலிருந்து அவன் தொட்டதெல்லாம் காற்றைத்தான். குழு தோற்றது. மறுபடி தோற்றது. ஒருமுறை எதிரணி வராத ஆட்டத்திலும் தோற்றது.

ஊர் கூடியது. "மாயழகை உட்கார வைக்கலாம்கிறவங்க கை தூக்குங்க" என்றார் கோச் சூசைமாணிக்கம். அவர் பழைய ஆட்டம் ஒன்றில் ஆத்திரத்தில் விசிலை விழுங்கியவர். அன்றிலிருந்து அவர் மூச்சு விட்டால் விசில் சத்தம்தான். அவர் தூங்கும்போது தெருவில் நடக்கிறவர்கள் சடக்கென்று நின்றுவிடுவார்கள்.

முதலில் தூக்கிய கை முத்தரசியுடையது. முத்தரசி மாயழகின் பெண்டாட்டி.

"ஏய், நீயுமா?" என்றான் மாயழகு.

"ஆட்டம்னா ஆட்டம்ங்க" என்றாள் முத்தரசி. கையை அவள் இறக்கவில்லை. மற்றவர்கள் அதைப் பார்த்துத்தான் தூக்கினார்கள்.

பெஞ்சை அவன் வீட்டுக்கு எதிரே, தெருவில் கொண்டு வந்து போட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. எழுந்தால் பெஞ்சும் கூடவே எழுந்து வரும், அவ்வளவுதான்.

மாற்று ஆளின் பெயர் பவுன்ராஜ். பக்கத்து ஊர்க்காரன். மாயழகின் பனியன் முதலில் அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. மறுநாள் பார்த்தால் மாயழகு போட்டிருந்த சட்டை மாயழகுக்கே தொளதொளத்தது. தோளில் நிற்காமல் நழுவியது.

பெஞ்சில் இருந்து பார்த்தால் வீட்டுக்குள் எல்லாம் தெரிந்தது. பவுன்ராஜ் சம்மணம் போட்டு உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டான். நிதானமாகச் சாப்பிட்டான். படுபாவி, கருவாட்டுத் தலையை முள்ளில்லாமல் உறிஞ்சத் தெரிந்தவன்.

"போதுமா?" என்று கேட்டாள் முத்தரசி.

"போதும்க்கா. உப்பு அளவா இருக்கு."

மாயழகின் வயிறு திகுதிகுவென்று எரிந்தது. அவனும்தான் இத்தனை வருஷம் அந்தக் குழம்பைச் சாப்பிட்டிருக்கிறான். உப்பு குறைந்த அன்றைக்கு மட்டும்தான் உப்பைப் பற்றிப் பேசியிருக்கிறான். அது போகட்டும். இந்தப் பயல் 'அக்கா' என்கிறான். மாயழகு 'ஏய்' என்றுதான் கூப்பிடுவான். அக்கா என்று கூப்பிட்டதில் தப்புச் சொல்ல ஒன்றுமே இல்லை. அதனால்தான் இன்னும் எரிந்தது.

போடி ஊரில் நடந்த போட்டியில் மாயழகே ஜெயித்துக் கொண்டுவந்த கிடா ஒன்று வாசலில் நின்றது. மாயழகைக் கண்டால் முட்டும். அது பவுன்ராஜின் கையை நக்கிக்கொண்டிருந்தது. "த்தூ, நன்றி கெட்ட ஜென்மம்" என்றான் மாயழகு. கிடா திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி நக்கியது.

பெஞ்சில் இருப்பவனுக்குக் குளுக்கோஸும் அரை எலுமிச்சம்பழமும்தான் சாப்பாடு. முத்தரசி கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் கொட்டினாள்.

"அவன் எப்படி?" என்று கேட்டான்.

"யாரு?"

"உள்ள இருக்கிறவன்."

"நல்லா ஆடுறான்."

"நான் வீட்ல எப்படின்னு கேட்டேன்."

"நானும் வீட்டப் பத்தித்தான் சொன்னேன்."

அவன் குளுக்கோஸை நக்கினான். இனிப்பாகவே இல்லை.

"மொதக் கையை ஏன் தூக்கினே?"

முத்தரசி ஒளித்துப் பேசுகிறவள் இல்லை. "நீங்க உள்ள போனதும் எதிராளியப் பாக்கிறதில்ல. கோட்டுக்கு வெளிய யாரு கை தட்டுறான்னு பாக்கிறீங்க. அடுத்த ரைடர் போனா, அவனுக்கு எத்தன பேரு தட்டுறாங்கன்னு பாக்கிறீங்க. தொட வேண்டியவன் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருக்கான். நீங்க கூட்டத்தை எண்ணிக்கிட்டு இருக்கீங்க."

"அப்படியெல்லாம் இல்ல."

"இப்பக்கூட நான் பேசப் பேச அவன் தட்டத்தான பாக்கிறீங்க."

உண்மைதான். பவுன்ராஜ் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருந்தான்.

அவள் உள்ளே போனாள். அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவே, இடது மூலையில் நின்று வெங்காயம் உரித்தாள். அதுதான் அவள் எப்போதும் நிற்கும் இடம். பவுன்ராஜ் கை கழுவ வந்தான். "கொஞ்சம் வழி விடுங்கக்கா" என்றான். அவள் நகர்ந்தாள். திரும்பி வந்தான். மறுபடி நகர்ந்தாள். மாயழகு இதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

குழுவைப் பற்றிய விவாதம் குருவையா சலூனில் நடந்தது. விவாதம் முடிகிற வரை யாருக்கும் மறுகன்னம் சவரம் கிடையாது என்பது குருவையாவின் கட்டளை. தோற்ற குழுவைப் பற்றிப் பேச்சு முடியாமல் எழுந்து போனால் அவருக்குக் கோபம் வரும், கையில் கத்தி வேறு இருக்கும். அதனால் ஊரில் முக்கால்வாசி ஆம்பளைகளுக்கு ஒரு கன்னம் வழவழப்பு, மறுகன்னம் தாடி. கல்யாண மாப்பிள்ளைகளும் அப்படித்தான் மணையில் உட்கார்ந்தார்கள். பெண் வீட்டாரை வழவழப்பான பக்கம் உட்கார வைத்தார்கள்.

மாயழகைப் பெஞ்சோடு தூக்கிக்கொண்டு போய்ச் சலூனில் வைத்தார்கள்.

"மாயழகை மாத்தினது தப்பு" என்றார் நாற்காலியில் இருந்தவர். "அவன் கொண்டு வர்ற பாயிண்டெல்லாம் லெஃப்ட் கார்னர் வழியா ஓடிப்போகுது. அவன் என்ன செய்வான்?"

"அவன் எங்கய்யா பாயிண்டு கொண்டு வந்தான்?"

"கொண்டு வந்திருந்தா ஓடியிருக்கும்ல. அதைத்தான் சொல்றேன்."

மாயழகுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஊரில் நியாயம் தெரிந்த மனுஷனும் இருக்கத்தான் செய்கிறான்.

லெஃப்ட் கார்னரில் நிற்பவன் தவசி. ஏழு பேரில் இடது கோடியில் நிற்பவன். உள்ளே வந்த ரைடர் திரும்பும்போது பாய்ந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டியது அவன் பொறுப்பு. பிடிக்கப் பிடிக்க நழுவி, தோற்கத் தோற்க, தவசி கொஞ்சம் கொஞ்சமாகக் கதவாகிவிட்டான். நல்ல வேப்பமரக் கதவு. எதிரணி ரைடர்கள் அவனைத் திறந்துகொண்டு போனார்கள், வந்தார்கள். பொங்கலுக்கு அவன் பெண்டாட்டி அவன் மேல் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். இப்போது சலூன் சுவரில் சாய்ந்து நின்று அவனும் விவாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"தாழ்ப்பாள் போட்டுப் பாத்தாச்சுல்ல?" என்று கேட்டார் குருவையா.

"போட்டாச்சு. அவங்க தட்டுறாங்க. இவன் திறந்துவிடுறான்."

"ஏண்டா தவசி?"

"வீடு தேடி வந்தவுக தட்டுறாகண்ணே" என்றான் தவசி. "திறக்காம எப்படி இருக்கிறது?"

நல்ல குடும்பத்துப் பிள்ளை.

"வலது பக்கம் மாத்தி நிறுத்தினா?"

"அந்தப் பக்கமா திறக்கிறான்."

குருவையா கத்தியைத் தீட்டிக்கொண்டே முடிவைச் சொன்னார். "ஆக, ரைடர்ல குறை இல்ல. குறை முழுக்க தடுப்புலதான். அதனால பவுன்ராஜ் அப்படியே இருக்கட்டும்."

மாயழகு எழுந்து கத்தப் பார்த்தான். பெஞ்சில் இருப்பவன் விவாதத்தில் பேசக்கூடாது. கை மட்டும் தட்டலாம். ஆத்திரத்தில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டினான்.

"பாரு, மாயழகே ஒத்துக்கிட்டான்" என்றார் குருவையா. "பெரிய மனசுய்யா."

அடுத்த ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. பவுன்ராஜ் உள்ளே போனான். தொட்டான். வந்தான். ஊர் எழுந்து நின்று தட்டியது. மறுபடி போனான். தொட்டான். வந்தான். மாயழகு ஒவ்வொரு தட்டலையும் கவனித்தான். தன் சித்தப்பா தட்டினார். தன் கடன்காரன் தட்டினான். தவசி கதவாக இருந்தும் ஆடி ஆடித் தட்டினான்.

பிறகு எதிரணியின் முறை. அவர்கள் தவசியைத் தட்டினார்கள். அவன் திறந்தான். ரைடர் வந்தார். ரைடருடைய மச்சான் வந்தார். பின்னாலேயே மேளதாளத்தோடு ஒரு கல்யாணக் கோஷ்டி வந்து, பந்தி எங்கே என்று கேட்டது. மின்னல் குழு ஆடுவதை நிறுத்திவிட்டு இலை போட்டது. பாயசம் வருவதற்குள் ஆட்டம் முடிந்துபோனது.

தோல்விதான். ஆனால் பவுன்ராஜை என்ன செய்தார்கள் தெரியுமா? தோளில் துண்டு போட்டார்கள். "நீ என்னப்பா பண்ணுவே" என்று முதுகைத் தடவினார்கள். கோலி சோடாவை உடைத்து வாயில் ஊற்றினார்கள். மாயழகு தோற்றபோது கரும்புச் சக்கையை விட்டெறிந்த அதே கைகள். அதே தோல்விதான், ஆனால் அவனுக்குச் சக்கை, இவனுக்குச் சோடா. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். ஊர்க் கையைக் கட்டவும் கயிறு கிடையாது.

மாயழகு எழுந்தான். பெஞ்சும் எழுந்தது. இருவருமாகக் கோச்சிடம் போனார்கள்.

"எனக்கு ஒரு ரெய்டு குடுங்க சார்."

சூசைமாணிக்கம் மூச்சை இழுத்தார். மைதானம் முழுக்க விசில் கேட்டது. கல்யாணக் கோஷ்டி சாப்பிடுவதை நிறுத்திவிட்டது.

"எங்க?" என்று கேட்டார்.

"எங்கயாச்சும்."

"அப்ப ஒன் வீட்டுலயே வச்சுக்க."

நிபந்தனையை அவர் அங்கேயே சொன்னார். மாயழகு தன் வீட்டுக்குள் பாடிப் போக வேண்டும். பவுன்ராஜைத் தொட்டுவிட்டு ஒரே மூச்சில் வாசற்படிக்குத் திரும்பிவிட்டால் வீடு, தட்டு, பனியன், குழம்பு எல்லாம் மறுபடி அவனுக்கு. உள்ளே பிடிபட்டால் அவுட். பெஞ்சுகூடக் கிடையாது. பஸ்தான்.

"எந்த ஊரு பஸ்ஸு?"

"ஏறினாத்தான் தெரியும்."

சலூன் உடனே கூடியது. குருவையா அவன் ஒரு கன்னத்தை மட்டும் வழித்துவிட்டு யோசனை சொன்னார். "லெஃப்ட் கார்னர் வழியாத் திரும்பு."

"என் வீட்ல லெஃப்ட் கார்னர் யாரு?"

"முத்தரசிதான். அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவுல வேற யாரு நிக்கிறா?"

"அவ தடுப்பு எப்படி?"

"பொட்டல்பட்டி லெஃப்ட் கார்னர்யா. எப்படி இருக்கும்?"

எல்லோரும் வழித்த கன்னத்தால் சிரித்தார்கள். சுவரோரம் தவசி கிரீச்சென்றான்.

சாயங்காலம் ரெய்டு. ஜன்னலெல்லாம் முகங்கள். சுவர்மேல் ஆட்கள். வாசலில் சூசைமாணிக்கம் நின்றார். தெருமுனையில் பஸ் ஒன்று இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தது. போர்டில் ஊர்ப் பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது.

மாயழகு வாசற்படியைத் தொட்டுக் கும்பிட்டான். மூச்சை இழுத்தான். "கபடி, கபடி, கபடி."

இரண்டே அறை உள்ள வீடு அது. அன்றைக்கு உள்ளே போகப் போக நீண்டது. மளிகைக்கடைக் காலண்டரைத் தாண்டினான். கொஞ்ச தூரத்தில் மறுபடி அதே காலண்டர் வந்தது. அதில் ஒரு நாள் கூடுதலாகக் கிழிக்கப்பட்டிருந்தது. பீரோ நடுவில் தடுக்கிற 'கவர்' இடத்தில் நின்றது, கிரைண்டர் இன்னொரு கவரில் நின்றது. ரைட் கார்னரில் கிடா தலையைத் தாழ்த்தி நின்றது. கட்டில் காலை நீட்டி இடறப் பார்த்தது. மாயழகு தாண்டிவிட்டான். அது அவன் முதுகு படுத்த கட்டில், அதன் தந்திரம் அவனுக்குத் தெரியாதா?

வீட்டின் கோடியில் பவுன்ராஜ் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மாயழகு எட்டி அவன் தோளைத் தொட்டான்.

"வாங்கண்ணே" என்றான் பவுன்ராஜ். எழுந்து பிடிக்கவில்லை. அவனும் ரைடர்தானே, தொடத்தான் தெரியும். எச்சில் கையை மேலே தூக்கிக்கொண்டு, தட்டோடு பின்னாலேயே நடந்து வந்தான்.

ஜன்னலில் கைதட்டல் கிளம்பியது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு மாயழகுக்காக ஊர் தட்டியது. "லெஃப்ட்! லெஃப்ட்டு!" என்று கத்தினார் குருவையா.

மாயழகு இடது பக்கம் திரும்பினான். முத்தரசி அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றாள். வாசல் அவளுக்கு அடுத்த எட்டில் இருந்தது. அவனைப் பார்த்ததும் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். ஒரு ஆள் தாராளமாகப் போகிற வழி இருந்தது.

மாயழகு நின்றுவிட்டான்.

அவன் நெஞ்சில் ஓடியது இதுதான். பவுன்ராஜுக்கும் இப்படித்தான் ஒதுங்கினாள். அதே சுவர், அதே அளவு. எனக்கும் அதே அளவுதான் என்றால், நானும் அவனும் அவளுக்கு ஒண்ணுதான். இன்றைக்கு நான் போவேன், நாளைக்கு வேறொருத்தன் பனியனைப் போட்டுக்கொண்டு வருவான், அவனுக்கும் வழி கிடைக்கும். வாசற்படி எட்டு வைக்கிற தூரத்தில் இருக்க, அவன் இடது காலைத் தூக்கி அவளுக்கு முன்னால் வைத்தான்.

"கபடி, கபடி" என்றான். மூச்சு மெலிய ஆரம்பித்திருந்தது.

"போங்க" என்றாள் முத்தரசி. "அதான் வழி விட்டுட்டேன்ல."

"கபடி."

"படியத் தொட்டா எல்லாம் திரும்பக் கிடைக்கும். போங்களேன்."

"கபடி. கபடி."

"பின்ன என்னதான் வேணும்ங்கிறீங்க?"

அவனுக்குச் சொல்லத் தெரியும். வேறு வார்த்தை பேசினால் பாட்டு அறுந்துவிடும். ஜன்னலில் தட்டல் குறைந்து, கூச்சலாகி, கூச்சலும் நின்றது. யாரோ சக்கையை எறிந்தார்கள். அது அவன் காதில் பட்டு விழுந்தது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு, "கபடி" என்றான். அது கெஞ்சுகிற மாதிரி வந்தது.

முத்தரசி அவன் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அது அசையவில்லை. வெங்காயக் கத்தியைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். பாய்ந்தாள்.

அப்படி ஒரு பிடியை அந்த ஊர் பார்த்ததில்லை. இரண்டு கையும் கோத்துக் கணுக்காலில் விழுந்தது. தோள் முழங்காலில் மோதியது. மாயழகு தொப்பென்று விழுந்தான். விழுந்த வேகத்தில் மூச்சு போனது, பாட்டும் போனது. சூசைமாணிக்கம் மூச்சை விட்டார். தெரு முழுக்க விசில்.

"அவுட்டு" என்றார்.

"லெஃப்ட் கார்னர்னா இதுய்யா!" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினார் குருவையா.

முத்தரசி பிடியை விடவில்லை.

"ரெய்டு முடிஞ்சது தாயி" என்றார் கோச். "விடு. பஸ்ஸு நிக்குது."

"நிக்கட்டும்."

"அவுட்டானவன் போகணும். அதான் ஆட்டம்."

"நான் விட்டாத்தானே அவரு போகணும்?"

சூசைமாணிக்கம் யோசித்தார். யோசிக்க யோசிக்க மெல்லிசாக விசில் வந்துகொண்டிருந்தது. பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர் வாசலில் வந்து எட்டிப் பார்த்து, ஆள் தரையில் கிடப்பதைக் கண்டு, கால்மாட்டில் ஒரு பொம்பளை இருப்பதைக் கண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

"வலிக்குது" என்றான் மாயழகு.

"வலிக்கட்டும்" என்றாள் முத்தரசி. விரல்கள் இன்னும் இறுகின.

பவுன்ராஜ் தட்டோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தான். கையில் பிசைந்த சோறு காய்ந்து போயிருந்தது. அந்த விரல்களையே பார்த்தான்.

"நானும் தினமும் இந்த வழியாத்தான் போனேன், வந்தேன்" என்றான். "ஒருநாளும் இப்படி இல்லையேக்கா."

அந்தக் குரலில் இருந்தது என்னவென்று மாயழகுக்குக் கேட்டவுடனே தெரிந்தது. பெஞ்சில் இத்தனை நாளும் அவனோடு உட்கார்ந்திருந்தது அதுதான்.

பவுன்ராஜ் தட்டைக் கீழே வைத்தான். கையைப் பனியனில் துடைத்துக்கொண்டான். பிறகு மெல்ல, யாரும் கவனிக்காத மாதிரி, தன் இடது காலையும் அவளுக்கு முன்னால் நீட்டிப் பார்த்தான்.

முத்தரசி நிமிரவே இல்லை.